நூற்றுக்கு அறுபது

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் இரண்டாம் ஆண்டு வகுப்பு. மழை எப்படி ஆறாகிறது என்ற பாடம். எத்தனையோ வருஷமாக அதே பலகை, அதே அம்புக்குறிகள். பெய்ததில் கொஞ்சம் இலையில் தங்கும், கொஞ்சத்தை மண் குடிக்கும், கொஞ்சம் ஆவியாகும், மிச்சம்தான் ஆற்றுக்கு. பின்வரிசையில் ஒருத்தன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பவில்லை. நான் பேசுவது எனக்கே பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோலத்தான் கேட்டது.

மதியம் துறைத் தலைவர் கூப்பிட்டார். நல்ல செய்தி என்றால் நின்றபடியே சொல்லி அனுப்பிவிடுவார். இன்று நாற்காலியைக் காட்டினார்.

"போன வருஷ எச்சரிக்கையைப் பத்தி விசாரணைக் குழு போட்டிருக்காங்க மேடம். ஏப்ரல்ல. பயப்படாதீங்க, சும்மா ஒப்புக்குத்தான்."

பயம் இல்லை. பயந்தாலாவது நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

குழுவிடம் எப்படியும் சொல்லித்தான் ஆகவேண்டும், இங்கே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். போன அக்டோபரில் மேலே மலைகளில் விடாத மழை. ஆறு கரைச்சுவரைத் தாண்ட நூற்றுக்கு எழுபது வாய்ப்பு என்றது எங்கள் கணினி மாடல். அப்படியே மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஒலிபெருக்கியில் அது "வெள்ளம் வருது, உடனே கிளம்புங்க" என்று ஆகிவிட்டது. ஆற்றோரத் தெருக்கள் எல்லாம் காலியாயின. தண்ணீர் சுவரின் விளிம்புக்கு ஒரு முழம் கீழே வரை வந்தது. கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கும் விருந்தாளி மாதிரி அங்கேயே நின்றது. பிறகு இறங்கிப் போய்விட்டது.

அந்தத் தெருக்களில் ஒன்றில்தான் அக்காவின் வீடு. அத்தான், பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து ஃபிரிட்ஜை மாடிக்கு ஏற்றிவிட்டு, ஓடிப்போய் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறார். பள்ளிக்கூட முகாமில் எல்லோரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. இதயம்.

அதற்குப் பிறகு அக்கா என்னோடு பேசுவதில்லை.

எழுதிவிட்டேன். கையெழுத்து நேராகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 14

பாலத்தில் இருக்கும் நீர்மட்டக் கருவியில் சிலந்தி வலை. துடைத்தேன். வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

அக்கா மகன் போன் செய்தான். வேலை பார்க்கும் ஊருக்கு அம்மாவைக் கூட்டிப்போகப் பார்க்கிறான், அவள் அசைய மாட்டேன் என்கிறாளாம்.

"நீங்க பேசிப் பாக்கறீங்களான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன் சித்தி." பிறகு அவனே மாற்றிக்கொண்டான். "வேணாம். நீங்க பேசினா வர்றவங்களும் வராம போயிடுவாங்க."

"சரிப்பா" என்றேன். நியாயம்தானே.

அத்தான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவர். கடைசிவரை என்னைத் 'தண்ணி டாக்டர்' என்றுதான் கூப்பிட்டார். நான் முனைவர் பட்டம் வாங்கிய அன்று வைத்த பெயர். வெளியே கிளம்பும்போதெல்லாம் போன் செய்வார், "தண்ணி டாக்டர், குடை எடுக்கணுமா?" நானும் சளைக்காமல் சொல்வேன்: "அது வானிலைக்காரங்க டிபார்ட்மெண்ட் அத்தான். மேல இருக்கிறவரைக்கும் அவங்களோடது. தரையில விழுந்தப்புறம்தான் என்னோடது." ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார்.

இன்று தூறல் இருந்தது. போன் வரவில்லை. வராதுதான்.

மார்ச் 9

ஞாயிறு என்றும் பார்க்காமல் ஆய்வகத்துக்குப் போனேன். என் ஆராய்ச்சி மாணவியும் வந்திருந்தாள். எந்நேரமும் கேரட்டைக் கடித்துக்கொண்டே இருப்பாள், துறையில் எல்லோருக்கும் அவள் 'முயல்'. அவளுக்கும் அந்தப் பெயரில் வருத்தம் இல்லை.

அக்டோபர் மழையை மாடலில் மறுபடி ஓடவிடுகிறோம். எங்கே தப்பு என்று தேடுகிறோம். மேலே மண் நாங்கள் நினைத்ததைவிடக் காய்ந்திருந்ததா? காய்ந்த மண் கூடுதலாகக் குடிக்கும், ஆற்றுக்குப் போவது குறையும். ஒரு மழைமானி அடைத்துக்கொண்டதா? கணக்கில் எங்காவது ஒரு புள்ளி இடம் மாறிவிட்டதா? புள்ளியாக இருந்தால்கூடப் போதும்.

மண்ணைத் திருத்திப் போட்டோம். எழுபது அறுபத்து ஆறு ஆயிற்று. அவ்வளவுதான்.

மார்ச் 22

மழைமானிகள் எல்லாம் சரி. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

மார்ச் 28

முயல் கேட்டாள், கேரட்டைக் கையில் வைத்தபடி, கடிக்காமல்: "மேடம், தப்பே இல்லைன்னா?"

"அப்படின்னா?"

"மாடல் எழுபதுன்னுச்சு. அதாவது முப்பது தடவை வராதுன்னும் சொல்லுச்சு இல்ல? அது அந்த முப்பதுல ஒண்ணு. அவ்வளவுதானே."

அவ்வளவுதான். முதலாண்டு மாணவனுக்கே தெரிந்த விஷயம். அதை நானே எத்தனை வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் தப்பு ஒன்று கிடைத்திருந்தால் அதைக் கொண்டுபோய் அக்கா முன்னால் வைத்திருக்கலாம். இதோ, இதுதான், இந்த இடத்தில்தான், என்னைத் திட்டு என்று சொல்லியிருக்கலாம். "எல்லாம் சரியாத்தான் செஞ்சேன்க்கா, அத்தான் போயிட்டாரு" என்று யாரிடம் போய்ச் சொல்வது?

முயலிடம், "வீட்டுக்குப் போ, லேட்டாகுது" என்றேன். மணி மூன்றுதான் ஆகியிருந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 17

விசாரணைக் குழு. நீள மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். தலைவர் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர், அணைகள் கட்டியவர். கான்கிரீட்டோடு பழகியவர்களுக்கு 'இருக்கலாம்' என்ற சொல் பிடிக்காது.

"ஒரே வார்த்தையில சொல்லுங்கம்மா. வருமா, வராதா?"

"அந்த ஒரு வார்த்தை என்கிட்ட இல்ல சார்."

"இத்தனை வருஷம் ஆராய்ச்சி பண்ணி கண்டுபிடிச்சது இதுவா?"

"ஆமா சார். இதுதான்."

சிரித்தார்கள். நான் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. இன்னொருவர், "புலி வருது புலி வருதுன்னு கத்திக்கிட்டே இருந்தா, நிஜமா வர்றப்ப எவனும் நகர மாட்டான் மேடம்" என்றார். அதுவும் உண்மைதான். மறுக்கவில்லை.

முடிவு: இனிமேல் நூற்றுக்கு எண்பத்தைந்தைத் தாண்டினால்தான் எச்சரிக்கை. எண்பத்தைந்துக்குக் காத்திருந்தால் பஸ்ஸும் தண்ணீரும் பந்தயம் ஓடித்தான் தெருவுக்குள் வரும் என்றேன். குறித்துக்கொண்டார்கள். குறித்துக்கொள்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா?

அறிக்கையின் வரைவைக் காட்டினார்கள். 'மிகை எச்சரிக்கை' என்று தலைப்பு. கீழே ஒரு வரி: 'முகாமுக்குச் செல்லும் வழியில் முதியவர் ஒருவர் இயற்கை மரணம்.'

முதியவர். அறுபத்தாறு வயது. இதைக் கேட்டால் அத்தான் சண்டைக்கே வந்துவிடுவார்.

அவர் எனக்கு என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தேநீர் கொடுத்தார்கள். குடித்தேன். சூடாக இருந்ததா என்று ஞாபகமில்லை.

மே 6

நீரியலாளர் சங்கத்தின் வாழ்நாள் விருதாம், எனக்கு. 'வெள்ள முன்னறிவிப்பில் நெடுங்காலப் பங்களிப்புக்காக.' துறைத் தலைவர் நின்றபடியே சொன்னார். கேக் வாங்கி வந்து வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன். க்ரீம் விரலில் ஒட்டிக்கொண்டது. ஜூனில் உரை நிகழ்த்த வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து உரைக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது? சிவில் படிப்பில் எங்கள் வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். நில அளவைக்குப் போனால் கருவியைத் தூக்க விடமாட்டார்கள், பேனாவைக் கையில் கொடுத்து "நீ எழுதிக்கோம்மா" என்பார்கள். மூன்றாம் வருஷம் மலைக்கு முகாம் போகவேண்டி வந்தபோது அப்பா கூடாது என்றுவிட்டார். அக்கா இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் வீடே ஓடாது. அப்பா இறங்கி வந்தார். அக்கா தன்னுடைய மழைக்கோட்டை எனக்குப் போட்டுப் பார்த்து, கையை மடித்துவிட்டு, "கொட்டற மழையில நின்னு என்னடி எழுதப்போற?" என்று கேட்டாள்.

அந்த முகாமில்தான் அந்த ஓடையைப் பார்த்தேன். தாண்டிக் குதித்தால் அக்கரை, அவ்வளவு சின்னது. அதற்குப் பக்கத்தில் என் முதல் மழைமானியை நட்டேன். மழை நின்று எவ்வளவு நேரம் கழித்து ஓடை ஏறுகிறது, ஏன் சில சமயம் ஏறாமலே போகிறது — இந்த ஒரே கேள்வியைத்தான் இத்தனை வருஷமாக வேறு வேறு பெயரில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முனைவர் பட்டம் அதில். பேராசிரியர் பதவி அதில். கல்யாணம் வேண்டாம் என்றபோதும், "அவளுக்குத்தான் அந்த ஓடை இருக்கே, விடுங்க" என்று அக்காதான் பேசி முடித்தாள்.

உரைக்கு இதெல்லாம் எதற்கு? அடித்துவிட்டேன்.

மே 7

கேக் மிச்சம் இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது?

ஜூன் 20

உரை முடிந்தது. பெரிய அரங்கம், குளிர். விருதுக்குக் கனமான கண்ணாடித் துண்டு ஒன்றைக் கொடுத்தார்கள். வெற்றிகளைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். போன அக்டோபரைப் பற்றி மட்டுமே பேசினேன். வரைபடம் வரைபடமாகக் காட்டினேன். தப்பு எங்கும் இல்லை, ஆனாலும் தண்ணீர் வரவில்லை என்றேன். குரல் நடுங்கவில்லை.

கேள்வி நேரத்தில் ஒரு இளம் பொறியாளர் எழுந்தார். "வீணா ஒரு எச்சரிக்கை கொடுத்தா என்ன நஷ்டம்னு உங்க கணக்குல எப்படிப் போடறீங்க மேடம்?"

"பஸ் செலவு, முகாம், ஜனங்களோட ஒரு நாள் வேலை. இவ்வளவுதான் இருந்துச்சு. உயிரிழப்புன்னு ஒரு வரி இல்ல. பத்திரமான இடத்துக்குத்தானே போறாங்கன்னு நெனச்சோம். இப்ப அந்த வரியைச் சேர்த்திருக்கேன்."

"அதுல எவ்வளவு போட்டிருக்கீங்க?"

"ஒண்ணு."

அரங்கில் கொஞ்சம் சிரிப்பு. அப்புறம் சட்டென்று நின்றுவிட்டது. என் முகத்தில் எதையாவது பார்த்திருப்பார்கள். நான் ஒன்றையும் காட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஒண்ணுன்னா எங்க அத்தான். அதை அங்க சொல்லணும்னு தோணுச்சு, ஆனா வாய் வரல. இத்தனை பேர் முன்னால மைக் வேற. மைக்கைப் பார்த்தாலே இப்பல்லாம் எனக்கு —

விடுதி அறையில் கண்ணாடித் துண்டைக் குளியல் துண்டில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். படுத்தவுடன் தூங்கிவிட்டேன்.

ஜூலை 15

ஆற்றோரத் தெருக்களில் நில மட்டம் அளக்கும் வேலை. எந்த வாசல் எவ்வளவு உயரம் என்று தெரிந்தால்தான், தண்ணீர் சுவரைத் தாண்டினால் முதலில் யார் வீட்டுக்குள் போகும் என்று சொல்ல முடியும். மாணவர்களை அனுப்பிவிட்டு நான் ஆய்வகத்திலேயே இருந்திருக்கலாம். முயலோடு நானும் போனேன்.

அக்காவின் தெரு வந்தது. வெயில். அளவைக் கருவியின் முக்காலியை அவள் வாசலுக்கு நேர் எதிரே வைக்கவேண்டியதாகிவிட்டது, வேறு இடத்திலிருந்து பார்வை கிடைக்கவில்லை. கதவு திறந்தது. மெலிந்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருந்தாள், எனக்குத் தெரியவே தெரியாது. என்னைப் பார்க்கவில்லை. அதாவது, பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு கவனம் வேண்டுமோ அவ்வளவு கவனம்.

முயலிடம், "ஏம்மா, இந்த வெயில்ல நிக்கறியே, குடிக்கத் தண்ணி வேணுமா?" என்றாள். ஒரு தம்ளர் கொண்டுவந்தாள். ஒன்றுதான். நின்று, குடித்து முடிக்கும்வரை காத்திருக்காமல், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முயல் பாதி குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "எனக்குப் பாதி போதும் மேடம்."

குடித்தேன். தம்ளரை வாசற்படியில் கவிழ்த்து வைத்தோம். அந்தப் படியின் உயரத்தையும் குறித்துக்கொண்டோம். தெருவிலேயே தாழ்ந்த படி.

ஆகஸ்ட் 3

பரீட்சைத் தாள்கள். ஒருவன் எழுதியிருக்கிறான்: 'வெள்ளம் என்பது ஆறு தன் வீட்டுக்கு வருவது.' கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமில்லை. அரை மதிப்பெண் போட்டேன்.

ஆகஸ்ட் 30

மேலே மழை தொடங்கிவிட்டது. மண் முழுக்க ஊறியிருக்கிறது. போன வருஷத்தைவிட அதிகம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

நூற்றுக்கு நாற்பத்து நான்கு. புது மாவட்ட அதிகாரிக்குத் தகவல் அனுப்பினேன். போன வருஷம் இருந்தவரை மாற்றிவிட்டார்கள். இவர் சின்ன வயசுப் பெண். இன்னும் நேரில் பார்த்ததில்லை.

செப்டம்பர் 29

ஐம்பத்து மூன்று.

அக்காவுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா? மகனிடம் சொன்னால் அவன் சொல்வான். ஆனால் அக்காவுக்குச் சொன்னால் அடுத்த வீட்டுக்கு? அதற்கடுத்த வீட்டுக்கு? என் கூடப்பிறந்தவள் என்பதற்காக அவளுக்கு மட்டும் ஒரு எண், மற்றவர்களுக்கு எண்பத்தைந்தா? சொல்லாமல் விட்டு, அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

போனை எடுத்து வைத்தேன். மறுபடி எடுத்தேன். வைத்தேன்.

அக்டோபர் 1, புதன்

நேற்று நடந்ததை இன்று காலை எழுதுகிறேன். வீட்டுக்கு இன்னும் போகவில்லை. ஆய்வகச் சோபாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்றுக் காலை அறுபத்திரண்டு. எண்பத்தைந்து இல்லை. விதிப்படி நான் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. மாவட்ட அதிகாரி தானாகவே போன் செய்தார்.

"மேடம், உங்க எண் கோட்டைத் தாண்டல. அப்ப வராதுன்னு எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்க முடியாது."

"வரும்னு சொல்றீங்களா?"

"அதுவும் சொல்லல."

"அப்ப நான் என்னதான் பண்றது?" கோபமில்லை. உண்மையாகவே கேட்டார்.

என்ன பதில் சொன்னேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. "அந்த எண்ணை அப்படியே ஜனங்ககிட்ட சொல்லுங்க. வருதுன்னும் சொல்லாதீங்க, வரலைன்னும் சொல்லாதீங்க. ரெண்டை விட்டுட்டு நூத்துக்கு அறுபதுன்னு சொல்லுங்க. பஸ்ஸைத் தெருமுனையில நிறுத்துங்க. போறவங்க போகட்டும், இருக்க நெனைக்கறவங்க இருக்கட்டும். அவசரமில்லாம ஏறட்டும். வயசானவங்க எதையும் தூக்க வேணாம்னு சொல்லுங்க. அதை முதல்ல சொல்லுங்க."

"நூத்துக்கு அறுபதுன்னா அவங்களுக்குப் புரியுமா?"

"பரீட்சை எழுதாத வீடு இருக்கா?"

"குழு வெச்ச கோட்டை மீறினேன்னு நாளைக்கு என்னைக் கேப்பாங்க மேடம்."

"என்னைக் கேக்கச் சொல்லுங்க. பழகிடுச்சு."

மதியத்துக்கு முன்பே ஒலிபெருக்கி வண்டி போயிற்று. முயல் தெருமுனையிலிருந்து போனில் அதைக் கேட்கவைத்தாள். இரைச்சலுக்கு நடுவே, "நூற்றுக்கு அறுபது வாய்ப்பு. வராமலும் போகலாம். கனமான பொருள் எதையும் தூக்காதீங்க." மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். காரணம் தெரியவில்லை.

சாப்பாட்டு நேரம் தாண்டி என் போன் அடித்தது. திரையில் அக்காவின் பெயர். போன வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவை.

"அறுபதுன்னா என்னடி அர்த்தம்?"

குசலம் இல்லை, ஒன்றும் இல்லை. நேரே அதுதான்.

"இதே மாதிரி பத்து தடவை மழை பேஞ்சா, ஆறு தடவை தண்ணி உள்ள வரும்க்கா. நாலு தடவை வராது."

"இன்னிக்கு ஆறா, நாலா?"

"தெரியாதுக்கா."

பின்னால் யாரோ கதவைத் தட்டுவது கேட்டது. அவள் போனைக் காதிலிருந்து எடுத்து "வர்றேன், வர்றேன்" என்றாள். திரும்ப வந்தாள்.

"போன தடவையும் தெரியாதா உனக்கு?"

"போன தடவையும் தெரியாது. எழுபதுன்னுதான் சொன்னேன். மைக்ல வேற மாதிரி சொல்லிட்டாங்க."

போன் துண்டித்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"அவரு மைக்கைக் கேட்டுட்டுத்தான் அப்படி ஓடினாரு. தண்ணி தெருமுனைக்கே வந்துடுச்சுன்னு நெனச்சிட்டாரு. எழுபதுன்னு சொல்லியிருந்தா..." நிறுத்தினாள். "எழுபதுன்னு சொல்லியிருந்தா, இன்னொரு டீ போடுன்னு சொல்லியிருப்பாரு. அந்த மனுஷனை உனக்குத் தெரியாதா?"

தெரியும்.

"பஸ் எங்க போகுது?" என்றாள்.

"பள்ளிக்கூடத்துக்கு."

"அங்க நான் போக மாட்டேன். அங்கதான் அவரை..."

"என் வீட்டுக்கு வா."

"சாவி?"

"பூந்தொட்டிக்கு அடியில."

"திருடனுக்கு ரொம்ப வசதி. படிச்சவ வீடு." வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு ஏறிக்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் சுவரின் விளிம்பைத் தொட்டது, ஒரு கையளவு தாண்டியது. தாழ்ந்த தெருக்களுக்குள் மட்டும் போயிற்று. பிறகு ஏறவில்லை.

கிளம்பியவர்கள் பாதி. வீட்டிலேயே இருந்தவர்கள் பாதி. இருந்தவர்கள் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்களாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மகிழ்ச்சியா என்று முயல் கேட்டாள். கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். சோர்வு. அதற்குக் கீழே வேறு ஏதோ இருக்கிறது, அது என்னவென்று தெரியவில்லை. வீட்டுக்குப் போகவேண்டும்.

அக்டோபர் 2

நேற்று வீட்டுக்குள் நுழைந்தபோது அடையாளமே தெரியவில்லை. அடுப்படி மேடையைத் தேய்த்து வைத்திருக்கிறாள். என் பாத்திரங்கள் ஒன்றும் அதனதன் இடத்தில் இல்லை. அக்கா என் படிப்பு நாற்காலியில் அந்தப் பழைய மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வந்துச்சா?"

"வந்துச்சு. உன் வீட்டுக்குள்ளயும். கணுக்கால் அளவுக்கு."

"கணுக்காலா?" என்றாள் ஏதோ ஏமாந்தவள்போல. "அறுபது மார்க்குக்கு இவ்வளவுதானா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. ஆனால் முட்டை பொரித்துத் தட்டில் வைத்திருந்தாள், இரண்டு பேருக்கு.

அக்டோபர் 12

தரை காயும்வரை இருக்கிறேன் என்றாள். இந்த வெயிலுக்குத் தரை எப்போதோ காய்ந்திருக்கும். நான் கேட்கவில்லை.

ஒரே குளியலறையில் இரண்டு பேருக்கும் தினம் சண்டை. நான் தண்ணீரை வீணாக்குகிறேனாம். நீரியல் பேராசிரியரிடம் சொல்கிறாள்.

குழுவிடமிருந்து கடிதம். எண்பத்தைந்து கோடு 'மறுபரிசீலனையில்' இருக்கிறதாம். மாவட்ட அதிகாரியிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். அவர் போன் செய்து, "என்னைக் கேக்கறாங்க மேடம், உங்களைக் கேக்கல" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது. நானும் வருகிறேன் என்றேன்.

அக்டோபர் 19

இன்று காலை அக்கா சொன்னாள், பாத்திரம் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "உன் மேல கோபம் போயிடுச்சுன்னு நெனச்சுக்காத."

"நெனைக்கல."

"யார் மேலயாவது இருக்கணும்ல. இல்லைன்னா நான் எங்க கொண்டு போய் வெப்பேன்?"

மார்ச்சில் நான் தேடியதையேதான் அவளும் தேடியிருக்கிறாள். இத்தனை மாதமும், ஆளுக்கொரு வீட்டில்.

"என் மேலயே வெச்சுக்கோக்கா. எனக்கு இடம் இருக்கு" என்றேன்.

துண்டை உதறி ஆணியில் மாட்டினாள். "ரொம்பப் பேசாத" என்றாள்.

நவம்பர் 8, சனி

அக்கா வீட்டுக்கு வண்ணம் அடிக்கப் போனோம், நாங்கள் இருவர் மட்டும். ஆள் வைக்கலாம் என்றேன், "நீ எதுக்கு இருக்க?" என்றாள். சேறு காய்ந்து, கூடத்துச் சுவரைச் சுற்றி ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு.

தூரிகையை நனைத்துவிட்டாள். அடிப்பதற்கு முன்னால் அந்தக் கோட்டின் உயரத்தை அளந்துகொள்கிறேன் என்றேன். தெருவுக்குள் வந்த வெள்ளத்தின் உயரம் எங்களிடம் வேறெங்கும் இல்லை. வண்ணம் அடித்துவிட்டால் போயிற்று.

"அளந்து தொலை" என்றாள்.

அளவு நாடாவின் ஒரு முனையைத் தரையில் வைத்து அமுக்கிப் பிடித்தேன். முனை நிற்காமல் வழுக்கியது. அக்கா முனகிக்கொண்டே குனிந்து, மண்டியிட்டு, என் கையை விலக்கிவிட்டுத் தானே பிடித்துக்கொண்டாள். கோடு வரை நாடாவை இழுத்தேன். எண்ணைப் படிக்கப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மறுபடி துடைத்தேன். எல்லாம் கலங்கலாகவே தெரிந்தது.

அக்கா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். எட்டிப் பார்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எனக்காக வாசித்தாள்.

"பதிமூணு சென்டி. எழுதிக்கோ."